சாமியும் சாதிச் சான்றிதழும்

2025 மே 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தேர்தல் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. மூணாறும் அதைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களும் அதில் அடக்கம். தோட்டத்து வாக்காளர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள். 2021 தேர்தலில் அங்கே மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் ஏ. ராஜா 7,848 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தோற்றுப்போன காங்கிரஸ் வேட்பாளர் நீதிமன்றத்துக்குப் போனார். ராஜா பட்டியல் சாதி இந்து அல்ல, ஞானஸ்நானம் பெற்ற கிறித்தவர், ஆகவே தனித்தொகுதியில் நிற்கவே தகுதியில்லாதவர் என்பது அவருடைய வாதம். கேரள உயர் நீதிமன்றம் அதை ஏற்று 2023 மார்ச் மாதம் ராஜாவின் வெற்றி செல்லாது என்றது. இரண்டு ஆண்டு கழித்து உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து வெற்றியை உறுதிப்படுத்தியது.

வழக்கின் முடிவைவிட அதில் சாட்சியாக வந்த பொருள்கள்தான் என் கவனத்தை இழுத்தன. குண்டளை எஸ்டேட் சி.எஸ்.ஐ. ஆலயத்தின் குடும்பப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு ஆகியவை நீதிமன்றத்துக்கு வந்தன. அவற்றில் இருந்த அடித்தல் திருத்தல்களுக்கு யார் காரணம், அவற்றை எவ்வளவு நம்பலாம் என்று வாதம் நடந்தது. கல்யாணப் புகைப்படங்கள் வந்தன. மாப்பிள்ளையும் பெண்ணும் உடுத்தியிருந்த உடை எந்த மதத்து உடை, தாலி கட்டப்பட்டதா, விளக்கேற்றப்பட்டதா என்று கேட்கப்பட்டது. பாட்டன் பாட்டி 1950க்கு முன்பே தோட்டத்துக்கு வந்து நிலையாகக் குடியேறினார்களா என்றும் ஆராயப்பட்டது. ஒரு மனிதனின் மதத்தைக் கண்டுபிடிக்க அரசிடம் இருக்கும் கருவிகள் இவைதான். அந்த மனிதன் எதை நம்புகிறான் என்பதைக் காட்டும் கருவி எதுவும் இல்லை. இதே ராஜா 2021 மே மாதம் சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தபோது, அவருக்குத் தரப்பட்ட தமிழ் வாசகத்தில் கடவுளின் பெயரால் என்றும் இல்லை, உளமார என்றும் இல்லை. அதனால் அவர் மறுபடியும் உறுதிமொழி எடுக்க வேண்டிவந்தது.

மனிதர்கள் ஒரு மதத்தை ஏன் ஏற்கிறார்கள், ஏன் உதறுகிறார்கள் என்று கேட்கும்போது, ஒருவர் உட்கார்ந்து யோசித்து, இந்தக் கடவுள் உண்மை, அந்தக் கடவுள் பொய் என்று முடிவுகட்டுவதைப்போல நாம் கற்பனை செய்துகொள்கிறோம். பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரையிலான கேரள-தமிழ்நாட்டு எல்லைப் பகுதியின் இருநூறு ஆண்டு வரலாற்றைப் படித்தால் அந்தக் கற்பனை நிற்காது. இங்கே மதம் மாறியவர்கள் கேட்ட கேள்வி வேறு: நம்மைத் தொடுகிறவர் யார், நம் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித் தருகிறவர் யார், காய்ச்சலில் கிடந்தால் நம் வீட்டுக்குள் வருகிறவர் யார், செத்தால் நமக்குக் குழி தோண்டுகிறவர் யார்? இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களின் வழியாகத்தான் கடவுள் உள்ளே வந்தார், சில சமயம் வெளியேயும் போனார். இதைப் பக்தி குறைவு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இந்த எல்லைக்கு ஒரு தனி வசதி உண்டு. 1947 வரை இந்த நிலம் மூன்று ஆட்சிகளில் கிடந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்துச் சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. தெற்கே தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரில் இருந்தன. ஒரே மாதிரி மனிதர்கள், ஒரே மாதிரி தீண்டாமை. ஆனால் மூன்று சட்டங்கள். கோயில் கதவு திருவிதாங்கூரில் 1936இல் திறந்தது. மலபாரிலும் கொச்சியிலும் 1947வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்தச் சூழலில் மக்கள் மதத்தை விட்டுப்போக நினைத்தார்கள் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல களம் தென்னிந்தியாவில் குறைவு.

பாலக்காட்டிலிருந்து தொடங்கலாம். கல்பாத்தி, ஆற்றங்கரையில் அமைந்த தமிழ்ப் பிராமணர் அக்கிரகாரம். விசுவநாதசுவாமி கோயில் தேர்த்திருவிழா ஐப்பசி முடிவில், நவம்பரில் வரும். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடம் எதிலும் எந்தச் சாதியாரும் போகத் தடையில்லை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி அரசாணையும் வந்தது. அந்த நவம்பரிலேயே, தீண்டாமைக்கு ஆளான ஈழவர் சாதியினர் கல்பாத்தித் தெருவுக்குள் நடந்தார்கள், தாக்கப்பட்டார்கள். மாகாண அரசு தன் ஆணையை நிலைநாட்டுவதற்குப் பதிலாக, அமைதி கெடும் என்று சொல்லி ஈழவர்கள் அந்தத் தெருவுக்குள் வரத் தடை போட்டது.

அதே தெருவில் கிறித்தவரும் இசுலாமியரும் நடந்து போனார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை. ஈழவர்களைச் சுட்டது அதுதான். 1921 மலபார்க் கலகத்துக்குப் பிறகு நிவாரண வேலைக்கும், மதம் மாற்றப்பட்டவர்களைத் திரும்பச் சேர்ப்பதற்கும் வந்திருந்த ஆரிய சமாஜம் இங்கே ஒரு வழியைக் காட்டியது. சமாஜத்தில் சேர்ந்து சடங்கு முடித்து வந்தால் நீ ஈழவன் அல்ல, ஆரிய சமாஜி. ஈழவர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். சமாஜிகளாகக் கல்பாத்தியில் நடக்கும் உரிமை கேட்டார்கள். தடையாணை ஈழவருக்குத்தானே, சமாஜிக்கு இல்லையே என்பது அவர்களுடைய வாதம்.

இவர்கள் சமாஜத்தை நிறுவிய தயானந்த சரசுவதியின் வேத விளக்கத்தில் மனம் தோய்ந்து மாறினார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதற்காக இது பொய் மதமாற்றம் ஆகிவிடுமா? ஒரு தெருவில் தலை நிமிர்ந்து நடப்பது ஆன்மிகத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று நினைப்பவர்கள், அந்தத் தெருவில் தடுத்து நிறுத்தப்படாதவர்கள். தீட்டு என்பதே ஒரு மதக் கருத்து. அதிலிருந்து விடுபடுவதும் மதக் காரியம்தான்.

திருவிதாங்கூரில் இதே கோபம் இன்னும் பெரிய உருவம் எடுத்தது. 1930களில் ஈழவர்களின் அமைப்பான எஸ்.என்.டி.பி. யோகத்துக்குள் இந்து மதத்தையே விட்டுவிடலாமா என்ற விவாதம் வெளிப்படையாக நடந்தது. கிறித்தவமா, இசுலாமா, பௌத்தமா, சீக்கியமா என்று பேசினார்கள். கோழிக்கோட்டில் மிதவாதி பத்திரிகை நடத்திய சி. கிருஷ்ணன் பௌத்தம் பக்கம் நின்றார். சீர்திருத்தவாதி சகோதரன் அய்யப்பன் சாதியும் வேண்டாம், மதமும் வேண்டாம், தெய்வமும் வேண்டாம் என்றார். 1935 அக்டோபரில் இயோலாவில் அம்பேத்கர், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தது இங்கே எரிகிற நெருப்பில் எண்ணெயானது. 1936 நவம்பர் 12ஆம் தேதி திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளியிட்டார். அரசரின் நல்ல மனமே இதற்குக் காரணம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. லட்சக்கணக்கானோர் வெளியேறப்போகிறார்கள் என்ற அச்சம் இல்லாமல் அந்தக் கதவு அந்த ஆண்டில் திறந்திருக்காது என்பதே என் முடிவு. வெளியேறிவிடுவோம் என்ற மிரட்டல் இவ்வளவு வலுவாக எழாத கொச்சியில், சித்தூர் உட்பட, சுதந்திரம் வரும்வரை கதவு திறக்கவில்லை.

மதத்தை மாற்றிக்கொண்டவர்களைவிட மாற்றிக்கொள்ளப்போவதாகச் சொன்னவர்கள் சில சமயம் அதிகம் சாதித்திருக்கிறார்கள். கதவு திறந்ததும் ஈழவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்களாகவே இருந்துவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது புதிய கடவுள் அல்ல, பழைய கடவுளிடம் போகும் வழி.

மலைக்கு மேலே கதை வேறு மாதிரி. இன்றைய கோட்டயம், இடுக்கி மாவட்ட எல்லையில் மேலுகாவு, முண்டக்கயம் பகுதி மலைகளில் வாழ்ந்த மலையரையர்களிடம் 1840களின் இறுதியில் சி.எம்.எஸ். மிஷனரி ஹென்றி பேக்கர் போனார். போனார் என்பதைவிட, அழைத்துப்போனார்கள் என்பது சரி. அரையர்களின் ஊர்த் தலைவர்கள் மீண்டும் மீண்டும் இறங்கி வந்து, தங்களுக்கு ஆசிரியர் வேண்டும் என்று கேட்டார்கள், அவர்தான் தயங்கினார். 1862இல் அவர் எழுதிய நூலே இதைச் சொல்கிறது. சர்க்கார் சிப்பந்திகளின் ஊழியப் பிடுங்கலும் சமவெளி வியாபாரிகளின் ஏமாற்றும் அவர்களை நெருக்கிக்கொண்டிருந்தன. எழுதப் படிக்கத் தெரிந்தால் கணக்கில் ஏமாற வேண்டாம், வெள்ளைக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் சிப்பந்தி கை நீட்டமாட்டான். இந்த இரண்டு கணக்கும் அவர்களுக்கு இருந்தன. அதே சமயம், மூதாதையர் ஆவிகளுக்கும் மலைத் தெய்வங்களுக்கும் நேர்ந்து வைத்திருந்த உருவங்களைத் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். கணக்கு மட்டும் போட்டவன் அதைச் செய்யத் துணியமாட்டான். மலைத் தெய்வம் கோபித்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதைப் புரிந்துகொள்ள ரூபா விசுவநாத் 2014இல் வெளியிட்ட 'தி பறையா பிராப்ளம்' நூல் உதவுகிறது. செங்கல்பட்டுப் பகுதியில் மிஷனை நாடிவந்த பறையர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்களை 'சோற்றுக் கிறித்தவர்' என்று இழித்த பேச்சை அவர் கேள்விக்கு உட்படுத்துகிறார். ஆன்மிக நோக்கம் ஒருபக்கம், உலகியல் நோக்கம் மறுபக்கம் என்று பிரித்து, முதலாவது தூய்மை, இரண்டாவது கள்ளம் என்று தீர்ப்பளித்தது மிஷனரிகளின் அளவுகோல். அதையே பிறகு மிஷனரிகளை எதிர்த்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஏழை மதம் மாறினால் மட்டும் நோக்கத்தை ஆராய்கிற வழக்கம் அங்கிருந்து வந்தது. பணக்காரர் ஒருவர் மகன் படிப்புக்காக ஒரு கோயிலுக்கு நேர்ந்துகொண்டால் அதை யாரும் சோற்றுப் பக்தி என்பதில்லை.

மிஷனரிகளின் இன்னோர் அளவுகோலான சாத்தானைப் பற்றியும் இங்கே பேச வேண்டும். இந்த மலைகளில் சாத்தானைக் கும்பிடுகிறேன் என்று தானே சொல்லிக்கொண்ட ஒரு சமூகம் இருந்ததில்லை. ஆனால் சாத்தானைக் கும்பிடுகிறார்கள் என்று அடுத்தவரால் சொல்லப்பட்டவர்கள் ஏராளம். மூணாறு, பீருமேடு தோட்டங்களுக்கு ஆட்களை அனுப்பிய பெரிய நிலப்பகுதி திருநெல்வேலிச் சீமை. அங்கே பணிபுரிந்த ராபர்ட் கால்டுவெல் 1849இல், அன்று சாணார் எனப்பட்ட நாடார்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சுடலைமாடன், இசக்கி, ரத்தப் பலி, சாமியாட்டம் எல்லாம் அதில் பேய் வழிபாடாக வருகின்றன. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதித் தமிழைத் தலைநிமிரச் செய்த அதே கை எழுதியதுதான் இதுவும். கால்டுவெல்லுக்கு நாம் பட்ட கடனைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த நூலுக்கு எதிர்ப்பு கிறித்தவ நாடார்களிடமிருந்தே வந்தது. மிஷனரிகளோடு முரண்பட்டுப் பிரிந்த உபதேசியார் சட்டாம்பிள்ளை 1857இல் நாசரேத்துக்குப் பக்கத்தில் இந்துக் கிறித்தவர்களின் தனிச் சபையொன்றைத் தொடங்கினார். ஐரோப்பியப் பாதிரி வேண்டாம், ஐரோப்பியப் பழக்கம் வேண்டாம், சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டு முறைகளைத் தழுவிய வழிபாடு என்று அந்தச் சபை அமைந்தது. ஏசுவை அவர்கள் விடவில்லை. தங்களைப் பேய்க்கூட்டமாக எழுதியவர்களை விட்டார்கள். தெற்குத் தமிழ்நாட்டில் மதத்தை மறுத்தவர்களின் வரலாற்றில் இது முதல் வரிசையில் வைக்க வேண்டிய நிகழ்ச்சி.

திருவிதாங்கூரில் பொய்கையில் யோகன்னான் இன்னும் தூரம் போனார். பறையர் குடும்பத்தில் 1879இல் பிறந்தவர் அவர். மார்த்தோமா சபையிலும் பிறகு பிரதரன் குழுவிலும் உபதேசியாராக இருந்து, சபைக்குள்ளும் தீண்டாமை தொடர்வதைக் கண்டு வெளியேறினார். வேதப் புத்தகத்தை நெருப்பிலிட்டார். அடிமைகளாக விற்கப்பட்ட முன்னோரின் துயரத்தையே நினைவாகவும் வழிபாடாகவும் கொண்ட பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையை 1909 வாக்கில் உருவாக்கினார். வேதத்தை எரித்தவர் என்பதால் அவரையும் சாத்தானின் ஆள் என்று சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். பின்னாளில் அவர் திருவிதாங்கூரின் பிரதிநிதிகள் அவையான ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு இரண்டு முறை நியமிக்கப்பட்டு, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் கல்விக்காகவும் நிலத்துக்காகவும் பேசினார்.

அமெரிக்காவில் 1966இல் ஆன்டன் லாவே சாத்தான் சபை தொடங்கினார். 2013 வாக்கில் உருவான இன்னொரு அமைப்பான சாத்தானிக் டெம்பிள் பொது இடங்களில் கிறித்தவச் சின்னங்களுக்கு எதிராக வழக்கும் போராட்டமும் நடத்துகிறது. இரண்டு அமைப்புக்காரர்களும் சாத்தான் என்று ஓர் ஆவி உண்மையில் இருப்பதாக நம்புவதில்லை. தாங்கள் வளர்ந்த கிறித்தவச் சூழலை மறுக்க அந்தச் சூழலே கொடுத்த பெயரை எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். அந்தப் பெயரை விரும்பி எடுக்க ஒரு பாதுகாப்பான வாழ்க்கை வேண்டும். மாடனைக் கும்பிட்ட தோட்டத் தொழிலாளிக்கு அது தூக்கிக்கொடுக்கப்பட்ட பெயர். கேரளப் பத்திரிகைகளில் 'சாத்தான் சேவை' என்ற சொல் தலைப்பாகும்போது இந்த வேறுபாட்டை மனதில் வைத்துப் படிப்பது நல்லது.

மூணாறில் நின்றால் மூன்று குன்றுகளில் சுப்பிரமணியசுவாமி கோயில், மசூதி, மவுண்ட் கார்மல் தேவாலயம் மூன்றும் தெரியும். சுற்றுலா வழிகாட்டிகள் இதை மத நல்லிணக்கத்துக்குச் சான்றாகக் காட்டுவார்கள். தோட்டத்துக்குள் போனால் விஷயம் இன்னும் நெருக்கமானது. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்கு ஒருபக்கம் மாரியம்மன் கோயில், இன்னொருபக்கம் ஜெபக்கூடம் அல்லது சி.எஸ்.ஐ. ஆலயம், பாதையோரம் யூனியன் கொடிக்கம்பம். ஒரே குடும்பத்தில் அண்ணன் காவடி எடுப்பார், தம்பி ஞாயிற்றுக்கிழமை வேதப் புத்தகத்தோடு போவார், அவர்களுடைய அப்பா கட்சிக் கூட்டத்துக்குப் போவார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் மூவரும் ஒரே வரிசை.

மூணாறு சி.எஸ்.ஐ. தேவாலயத்தின் தொடக்கமே ஒரு கல்லறைதான். 1894இல் தோட்ட மேலாளர் ஒருவரின் இளம் மனைவி எலினர் நைட் காலராவில் இறந்தார். அவரைக் குன்றின்மேல் அடக்கம் செய்தார்கள். அந்தக் குன்றின் அடிவாரத்தில் 1910இல்தான் ஆலயம் கட்டத் தொடங்கினார்கள். அதனால் அந்த ஆலயத்தின் அடக்கப் பதிவேடு ஆலயத்தைவிட வயதானது. துரைமார்களுக்காகக் கட்டிய அந்த ஆலயத்தில் இன்று தமிழிலும் ஆராதனை நடக்கிறது.

சாவு இந்தத் தோட்டங்களில் எப்போதும் ஒரு மதக் கேள்வி. நிலம் கம்பெனியுடையது, லயம் கம்பெனியுடையது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான்கு தலைமுறை உழைத்தவர்களுக்குச் சொந்தமாக ஆறடி இல்லை. இந்த நிலையில், உன்னை எங்கே புதைப்பது என்பதற்குப் பதில் சொல்லக்கூடிய ஓர் அமைப்பு சாதாரணமானதல்ல. தேவிகுளம் வழக்கில் அடக்கப் பதிவேடு சாட்சியாக வந்ததை நினைத்துப் பாருங்கள்.

பெந்தெகொஸ்தே சபைகள் லயங்களுக்குள் பரவியதற்கும் இங்கே விடை இருக்கிறது. அந்த ஜெபக்கூட்டங்களில் நடுவில் வருவது பிரசங்கத்தைவிடச் சாட்சி சொல்வதுதான். ஒரு பெண் எழுந்து நின்று, புருஷன் குடித்துவிட்டு அடித்ததை, பிள்ளைக்கு வலிப்பு வந்ததை, கடன்காரன் வாசலில் நின்றதை, பிறகு ஜெபித்து விடுதலை கிடைத்ததைச் சொல்வாள். சுற்றியிருப்பவர்கள் அதைக் கேட்பார்கள், அழுவார்கள், அவள் தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள். அந்தப் பெண் வெளியே வேறு எங்கே நின்று பத்துப் பேர் முன்னால் தன் துயரத்தைச் சொல்ல முடியும்? யூனியன் கூட்டத்தில் சம்பளத்தைச் சொல்லலாம், அடி வாங்கியதைச் சொல்ல முடியாது. கோயில் திருவிழாவில் வரி கட்டுகிறவரும் முடிவெடுக்கிறவரும் ஆண்கள்.

நதானியேல் ராபர்ட்ஸ் சென்னைக் குடிசைப்பகுதி ஒன்றில் தங்கி ஆய்வு செய்து 2016இல் வெளியிட்ட 'டு பி கேர்ட் ஃபார்' நூலும் இதையே வேறு களத்தில் காட்டுகிறது. அங்கே மதம் மாறியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இந்துவாக இருந்தவருக்கும் கிறித்தவரானவருக்கும் கடவுளைப் பற்றிய எண்ணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. கேட்டால் வருகிற சாமி, கேட்டும் வராத சாமி என்ற அளவில்தான் பேச்சு. மதம் மாறுவது தேசத் துரோகமா என்ற மேல்மட்டத்துக் கேள்வி அந்தத் தெருவுக்கு அந்நியம். மூணாறு லயங்களிலும் அப்படித்தான். குலசாமி திருநெல்வேலியிலோ தென்காசியிலோ இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் போய்ப் பொங்கல் வைக்கக் காசு வேண்டும். பக்கத்து லயத்து ஜெபத்துக்குக் காசு வேண்டாம்.

இதற்கும் விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கேரளப் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் நகை அணியக் கூடாது. தாலியைக் கழற்றச் சொல்லும் சபைகளும் உண்டு. மாரியம்மன் திருவிழா வரி கொடுக்காதே, படையல் சோறு சாப்பிடாதே, அது சாத்தானுடைய காரியம் என்று போதிக்கும்போது, பழைய மிஷனரி சொன்ன சொல் தமிழ் பேசுகிற பாஸ்டரின் வாயிலிருந்து வருகிறது. பக்கத்து வீட்டுக்காரி நேற்று வரை தந்த பொங்கலை இன்று வாங்க மறுப்பது சின்ன விஷயமல்ல. ஒரு பெண்ணுக்குப் புதிய அக்கா தங்கைகளைத் தருகிற சபை, சில சமயம் பழைய அக்கா தங்கைகளைப் பறித்துவிடுகிறது. இதைக் கிறித்தவத்தின் மேல் அன்புள்ளவர்களே முதலில் சொல்ல வேண்டும்.

பாலக்காட்டுச் சமவெளியில் கிறித்தவம் வேறு முகத்தோடு இருக்கிறது. கொழிஞ்சாம்பாறை, அத்திக்கோடு பகுதியின் தமிழ்க் கத்தோலிக்கர்கள் நீண்ட காலம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தார்கள். 2013 டிசம்பர் 28ஆம் தேதி சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவானபோதுதான் அவர்களுடைய சபை நிர்வாகம் மாநில எல்லைக்குள் வந்தது. தேரும் கொடியேற்றமும் நேர்ச்சையும் கொண்ட அந்தக் கத்தோலிக்கம் தலைமுறைகளாகப் பிறப்பால் வருவது. அதை யாரும் புதிதாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இடுக்கியில் கிறித்தவர் 43 சதவீதத்துக்கு மேல், பாலக்காட்டில் 4 சதவீதம். இந்த எண்களில் பெரும்பகுதி மதமாற்றத்தின் கணக்கல்ல. திருவிதாங்கூர்ச் சமவெளியிலிருந்து மலையேறிய சிரியன் கிறித்தவக் குடியேற்றத்தின் கணக்கு அது. அந்தச் சிரியன் கிறித்தவர்களும் தோட்டத்துத் தலித் கிறித்தவர்களும் ஒரே ஏசுவைக் கும்பிட்டாலும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து மானிடவியலாளரான ஜெயசீலன் ராஜ், பீருமேட்டுத் தேயிலை நெருக்கடியைப் பற்றி 2022இல் எழுதிய நூலில், தமிழ்த் தலித்துகள் தோட்டத்துக்கு வெளியே வேலை தேடிப் போகும்போது சாதி இழிவையும் தமிழரை இழிக்கும் 'பாண்டி' என்ற ஏச்சையும் ஒருசேரச் சந்திப்பதைப் பதிவு செய்கிறார். ஞானஸ்நானம் இந்த இரண்டிலிருந்தும் யாரையும் காப்பாற்றவில்லை.

சட்டத்துக்கு இதெல்லாம் தெரியாது. 1950 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்திலிருந்து வேறான மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்களும் இசுலாமியர்களும் இன்றுவரை வெளியே. பழங்குடிகள் ஆணையில் இப்படி ஒரு பத்தி கிடையாது. அதனால் மேலுகாவில் கிறித்தவரான மலையரையர் பழங்குடியாகவே நீடிக்கிறார். குண்டளையில் கிறித்தவரான பறையர் பட்டியலிலிருந்து வெளியேறுகிறார். ஒரே மாநிலத்து மலைகளில் ஒரே ஞானஸ்நானத்துக்கு இரண்டு விளைவு. கிறித்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினருக்குக் கேரளம் அரசு வேலையில் தனியாக ஒரு சதவீதம் வைத்திருக்கிறது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். தனித்தொகுதியும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இரண்டு பக்கமும் இல்லை.

நீதிமன்றங்களும் ஒரே திசையில் பேசவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஒரு கிறித்தவ ஆதிதிராவிடருக்கு அரசின் இலவசப் பெட்டிக்கடை மறுக்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், மாறிய மதத்துக்குள்ளும் அதே அளவுக்குச் சாதிக் கொடுமை தொடர்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை எனச் சொல்லித் தள்ளுபடி செய்தது. கிறித்தவராகப் பிறந்து இந்து மதத்துக்குத் திரும்பிய கேரள ஆசிரியர் ஒருவரின் வழக்கில் 2015இல், சமூகம் ஏற்றுக்கொண்டால் பழைய சாதி திரும்பிவிடும் என்றது. புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில், உண்மையான நம்பிக்கை இல்லாமல் ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசமைப்புச் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்றது. மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தால், நம்பிக்கையின் உண்மையை அளக்கும் வேலையை நீதிமன்றம் கையில் எடுத்துக்கொண்டிருப்பது தெரியும். அதை எந்த நீதிபதியும் நன்றாகச் செய்ய முடியாது.

விளைவு என்ன? தோட்டத்துக் குடும்பங்கள் இரண்டு பெயரில் வாழப் பழகுகின்றன. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆலயத்தில் இன்னொரு பெயர். வீட்டில் ஏசு படம், தாலுகா அலுவலகத்தில் இந்து. இவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வது எளிது. இப்படி வாழத் தள்ளியது யார் என்று கேட்பதுதான் நியாயம். சாதியால் வந்த இழப்புக்கு ஈடாகத் தரப்படும் உரிமையை மதத்தோடு முடிச்சுப்போட்டதால், நம்பிக்கையை வெளியே சொல்வதற்கு அரசே ஒரு கட்டணம் விதித்துவிட்டது. ஏழைக்கு அந்தக் கட்டணம் மகனின் கல்லூரிப் படிப்பு. அதைக் கட்ட முடியாதவர் மனதுக்குப் பிடித்த மதத்துக்குப் போகாமல் இருக்கிறார், அல்லது போய்விட்டு மறைக்கிறார். மதமாற்றத்தை எதிர்ப்பவர்களுக்கும் ஆதரிப்பவர்களுக்கும் இந்த ஏற்பாட்டில் மகிழ்ச்சி அடைய எதுவும் இல்லை.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அளித்த அறிக்கையில், பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரித்துவிடுங்கள் என்று பரிந்துரைத்தது. அது செயல்படுத்தப்படவில்லை. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு இதே கேள்வியை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தது. தேவிகுளம் தீர்ப்பு ஒருவரின் பதவியைக் காப்பாற்றியது. மூன்றாம் பத்தியைத் தொடவில்லை. ஒதுக்கீட்டில் இடம் குறையும் என்று அஞ்சும் பட்டியல் சாதி இந்துக்களின் கவலை நியாயமானது. மக்கள்தொகைக்கு ஏற்ப விகிதத்தை உயர்த்தி அதைத் தீர்க்கலாம். ஆனால் எழுபத்தைந்து ஆண்டுகளாக ஒரு தொழிலாளியின் கல்யாணப் புகைப்படத்தையும் அவர் தாயின் கல்லறைப் பதிவையும் புரட்டிப் பார்த்து மதம் கண்டுபிடிக்க வைக்கிற அந்தப் பத்தியை வைத்துக்கொண்டு, இந்த நாட்டில் மதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லோருக்கும் சமம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அந்தப் பத்தியை நாடாளுமன்றம் நீக்க வேண்டும்.